அக்காவின் பாகம்

எங்கள் அத்தா 1996ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். அவர்கள் விட்டுச் சென்றவை தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்த ஒரு சிற்றூரில் ஐந்து ஏக்கர் நிலம், அதில் ஒரு கிணறு, ஒரு சோடி உழவு மாடு, எவரிடமும் கடன்படாதவர் என்ற நற்பெயர் ஆகியவையே. தாயார் அவர்களுக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் மூவர். மூத்தவர் அக்கா. இதனை எழுதும் நாங்கள் அவருக்குப் பின் பிறந்த தம்பியர் இருவர்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் பாகம் பிரித்தோம். மார்க்கம் வகுத்த கணக்கு தெளிவானது. ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பங்கு, பெண்மகளுக்கு ஒரு பங்கு. ஆகவே எங்களுக்கு இரண்டிரண்டு ஏக்கர், அக்காவுக்கு ஒரு ஏக்கர். திருமணத்தின்போது போட்ட நகையைக் காட்டிப் பெண்ணின் பங்கை மறைத்துவிடுவோர் பலர் இருக்கும் நாட்டில், நாங்கள் முறைப்படி அளந்து கொடுத்தோம் என்று ஊரார் மெச்சினர். நாங்களும் எங்களை மெச்சிக்கொண்டோம். அளவில் ஒரு சாண்கூடக் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் கிணற்றை ஒட்டிய தாழ்ந்த செம்மண் பூமி நான்கு ஏக்கரும் எங்கள் பக்கம் வந்தது. கல்லும் சுக்கானும் நிறைந்த மேட்டுக் கொல்லை அக்காவின் பக்கம் போயிற்று. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வேளாண்மை பற்றி எழுதப் புகுந்தவர்கள் வீட்டுக் கதை பேசுவதேன் என்று வாசகர்கள் கேட்கலாம். ‘வேளாண் சூழலியல்’ என்ற சொல் இன்று அறிஞர் அவைகளிலும் அரசு அறிக்கைகளிலும் பெரிதாக வழங்குகிறது. அதன் பொருளை நாங்கள் நூல்களில் கற்கவில்லை. அந்த ஒரு ஏக்கர் கல்லுக் கொல்லையில்தான் கற்றோம். அதுவும் நட்டப்பட்டுக் கற்றோம். ஆதலின் அதனை வேறு வகையில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

தருமபுரி 1965ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. பின்னர் 2004ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி அதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. காவிரி ஒகேனக்கல்லில் இம்மண்ணைத் தொட்டுக்கொண்டு ஓடினாலும், அதன் நீர் எங்கள் வயல்களுக்கு ஏறி வருவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. அதிலும் பாதி நாள்களில் வானம் கைவிரித்துவிடும். இத்தகைய நாட்டில் எம் முன்னோர் நெல்லை நம்பி வாழவில்லை. ராகி என்று எங்கள் வட்டாரத்தில் வழங்கும் கேழ்வரகு, சாமை, கொள்ளு, துவரை, அவரை, ஆமணக்கு, புளி ஆகியவற்றை நம்பி வாழ்ந்தார்கள். அத்தாவும் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

நாங்கள் அவ்வாறு வாழ விரும்பவில்லை. 1997ஆம் ஆண்டு ஆழ்துளைக் கிணறு போட்டோம். உழவு மாடுகளை விற்றோம். நான்கு ஏக்கரிலும் ஒட்டுரகத் தக்காளி நட்டோம். பாலக்கோடு தக்காளிக்குப் பெயர் பெற்ற சந்தை. முதல் இரண்டு ஆண்டுகள் கை நிறையப் பணம் வந்தது. அக்கா மேட்டில் சாமை விதைப்பதைக் கண்டு எங்களுக்கு இரக்கம் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

ஒரே பயிரை ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் வைத்தால் அப்பயிரின் பகைகளும் அங்கேயே குடியேறிவிடுகின்றன. காய்ப்புழுவுக்கு முதலில் இரண்டு முறை மருந்தடித்தோம். பிறகு வாரந்தோறும் அடித்தோம். மருந்து புழுவை மட்டும் கொல்லவில்லை. புழுவைத் தின்னும் சிலந்தியையும் குளவியையும் சேர்த்தே கொன்றது. தொழுவம் வெறுமையானதால் எரு இல்லை. எரு இல்லாததால் மண் இறுகியது. இறுகிய மண் உரத்தை மேலும் மேலும் கேட்டது. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் எல்லாருக்கும் நல்ல விளைச்சல். மண்டியில் ஒரு கூடைக்குக் கிடைத்த விலை பறிகூலிக்கும் ஆகவில்லை. பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

2002ஆம் ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் மழை பொய்த்தது. தமிழகம் முழுவதுமே வறட்சியில் வாடிய காலம் அது. ஆழ்துளைக் கிணறு வற்றியது. இன்னொன்று போட்டோம்; பிறகு மூன்றாவது. எங்கள் மாவட்டத்தின் நிலத்தடி கடும்பாறை. மேலுள்ள உளுத்த பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். மழை இறங்கி நிரப்பினாலன்றி அங்கே ஊற்று என்று ஏதுமில்லை. பல ஊர்களில் அந்த நீரில் புளோரைடு மிகுந்து, குழந்தைகளின் பற்களில் காவிக்கறை படிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதற்கு அந்தக் கறையும் ஒரு காரணம். மூன்றாவது துளையில் தூசி மட்டுமே பறந்தது. வட்டிக் கடன் நின்றது. எங்களுள் இளையவர் தம் பங்கில் அரை ஏக்கரை விற்றுவிட்டுப் பெங்களூரில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். மூத்தவர் வெறும் நிலத்தைக் காத்துக்கொண்டு ஊரில் இருந்தார்.

அந்த வறட்சியில்தான் ஒருநாள் அக்காவின் மகன் சைக்கிளில் ஒரு மூட்டை ராகியும் இரண்டு படி கொள்ளும் கொண்டுவந்து இறக்கினான். “அம்மா கொடுத்துவரச் சொன்னார்கள், மாமா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த ஆண்டு அக்காவுக்கும் விளைச்சல் சொற்பமே. அது முந்தைய ஆண்டுகளின் ராகி, குதிரில் இருந்தது. ராகி நன்றாகக் காய்ந்திருந்தால் ஆண்டுக் கணக்கில் வண்டு அண்டாமல் கிடக்கும். தக்காளி மூன்று நாள் தாங்காது. பஞ்சத்தை எதிர்பார்த்து வாழ்ந்த மக்கள் எதைப் பயிரிட வேண்டும் என்று அறிந்தே பயிரிட்டிருக்கிறார்கள்.

கல்லைக் கொடுத்தோம், அங்கிருந்து உணவு வந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் அதிகம் பேசவில்லை.

மறுநாள் மேட்டுக் கொல்லைக்குப் போய் முதன்முறையாக அதனைக் கண் திறந்து பார்த்தோம். “இந்தக் கல்லை எல்லாம் எங்கே அக்கா பொறுக்கி எறிந்தீர்கள்?” என்று கேட்டோம். “எறியவில்லை தம்பி, அடுக்கினேன். மழைத் தண்ணீர் ஓடக்கூடாது, நடந்து போகவேண்டும் என்று அத்தா சொல்வார்கள் அல்லவா?” என்றார் அவர். நிலத்தின் சாய்வுக்குக் குறுக்கே மூன்று வரிசைக் கல் வரப்புகள் நின்றன. ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் மழை கொண்டுவந்த வண்டல் ஒரு முழம் படிந்திருந்தது. ஏழு ஆண்டுகளில் அவர் மண்ணையே உண்டாக்கியிருந்தார்.

ஆடி மழைக்கு ஒரு பாதியில் சாமை, மறுபாதியில் ராகி. எட்டுச் சால் ராகிக்கு ஒரு சால் அவரை அல்லது துவரை. ஓரத்தில் ஆமணக்கு, ஊடே ஒரு கைப்பிடி கடுகு, அங்கங்கே சில சோளத் தட்டைகள். சாமை அறுத்த நிலத்தில் ஐப்பசி ஈரத்துக்குக் கொள்ளு. முதலில் சாமை வீடு வரும், பிறகு ராகி. மார்கழியில் அவரை, தையில் கொள்ளு, அதன் பின் துவரை. ஒன்று பொய்த்தால் மற்றொன்று கை கொடுக்கும். எல்லையில் மக்கள் கன்னடத்தில் இதனை ‘அக்கடி சாலு’ என்பர். முறை இரு மாநிலத்துக்கும் பொது.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அவரையும் துவரையும் கொள்ளும் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. ராகியின் வேர் மேலே பரவ, துவரையின் வேர் ஆழத்தில் இறங்கி வேறோர் அடுக்கின் நீரைத் தேடிக்கொள்கிறது. இரண்டுக்கும் பூசல் இல்லை. ஆமணக்கு இலையைத் தேடிப் புழு போய்விடுவதால் நடுவிலுள்ள பயிர் தப்புகிறது. சோளத் தட்டையில் கரிச்சான் குருவி வந்தமர்ந்து புழுவைப் பொறுக்குகிறது. தட்டும் பொட்டும் இரண்டு பசுக்களுக்குத் தீவனமாகின்றன. சாணம் மீண்டும் நிலத்துக்கு வருகிறது. கோடையில் ஆட்டுக்காரர் வந்தால் இரண்டு இரவு கிடை போடச் சொல்வார். ஒருவர் நட்டதிலிருந்து பறவை உண்டாலும் அது அவருக்குத் தருமமாக எழுதப்படும் என்ற நபிமொழியை நாம் எத்தனையோ முறை பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்தப் பறவை நம் பயிரையும் காக்கிறது என்பதை அந்தக் கொல்லையில்தான் கண்டோம்.

எங்கள் பிள்ளைகளுள் ஒருவன் பின்னாளில் வேளாண்மை பயின்றான். அத்தை செய்வதற்குக் கல்லூரியில் ஒரு பெயர் உண்டு என்று அவன்தான் சொன்னான். பயிர், கால்நடை, மண், நீர், பூச்சி, மனிதர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகக் கண்டு, அவற்றின் உறவைக் கெடுக்காமல் விளைவிப்பதே வேளாண் சூழலியல். அப்பெயரை 1928ஆம் ஆண்டு அளவில் பென்சின் என்ற ருஷ்ய நாட்டு வேளாண் அறிஞர் கையாண்டார். ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் பூசாவிலும் இந்தூரிலும் பணியாற்றி, இந்திய உழவர்களையே தம் ஆசிரியர்களாக ஏற்று, மட்கு எருவின் முறையை வகுத்து 1940இல் நூலாக எழுதினார். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014இல் ரோமில் இதற்கெனப் பன்னாட்டு அரங்கம் கூட்டியது; 2018இல் பத்துக் கூறுகளாக இதனை விளக்கியது. பன்மை, மறுசுழற்சி, தாங்கும் ஆற்றல் முதலியவற்றோடு மனித விழுமியங்களும் உணவு மரபும் அப்பத்தில் அடங்கும். ரசாயனத்தை விலக்குவது மட்டும் வேளாண் சூழலியல் ஆகிவிடாது என்பதற்கு இதுவே சான்று. மருந்தடிக்காத தக்காளியை நான்கு ஏக்கரிலும் நட்டிருந்தாலும் நாங்கள் அன்று விழுந்தேதான் இருப்போம்.

நம் சமுதாயத்துக்கும் இது புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவீல் நகரத்தில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய ‘கிதாபுல் பிலாஹா’ என்னும் பெருநூல் மண்ணையும் எருவையும் நீரையும் ஆராய்ந்த பின்னரே பயிர்களுக்கு வருகிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடிகளைப் பேசும் அந்நூலை 1802ஆம் ஆண்டு மத்ரீதில் ஸ்பானிய மொழியில் பெயர்த்து வெளியிட்டார்கள். உழவு நூலை மண்ணிலிருந்து தொடங்கிய அந்தப் பெரியாரும், கல்லை அடுக்கிய எங்கள் அக்காவும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

ஒரு ஏக்கரில் ஒரு பெண் செய்வதை ஓர் ஊரே செய்ய இயலுமா? இக்கேள்வியோடுதான் மகன் எங்களை அரூருக்கு அப்பால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றான். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடியரும் வாழும் ஊர்கள் அவை. 1993ஆம் ஆண்டு மருத்துவர் ரெஜி ஜார்ஜ், மருத்துவர் லலிதா ரெஜி என்னும் கணவன் மனைவியர் அங்கே ஒரு கூரைக் குடிலில் மருத்துவமனை தொடங்கினர். பழங்குடி நல முயற்சி என்னும் அவர்கள் நிறுவனம் பிள்ளைச் சாவைப் பெரிதும் குறைத்தது. ஆயினும் மருந்தால் மட்டும் ஊட்டக்குறை தீரவில்லை. பணப்பயிர்களுக்கு மாறிய உழவர்கள் உரத்துக்கும் மருந்துக்கும் கடன்பட்டுத் திருப்பூர்ப் பக்கம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தனர். நோயின் வேர் வயலில் இருக்கக் கண்டு, 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் உழவையும் கையில் எடுத்தனர். முதலில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே முன்வந்தனர். இன்று சிட்லிங்கி இயற்கை உழவர் சங்கத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உள்ளன. சிறுதானியங்களும் மஞ்சளும் விளைவித்து, அங்கேயே பக்குவப்படுத்தி, சங்கத்தின் வழியாகவே விற்கின்றனர். பெண்களின் கைகளைப் புண்ணாக்கிய சாமை குத்தும் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. எங்கள் அக்காவிடம் இல்லாதது அங்கே இருந்தது: கூட்டு. தனி உழவன் மண்ணைத் திருத்திக்கொள்ள முடியும். சந்தையைத் திருத்த முடியாது. அதற்குப் பலர் ஒன்றுசேர வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இலங்கையில் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவால் நிறுத்தினார்கள். எருவும் இல்லை, பயிற்சியும் இல்லை, கால அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் வீழ்ந்து, மக்கள் துன்புற்று, அவ்வாண்டு நவம்பரிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றனர். அக்காவுக்குக் கல்லடுக்கி மண் சேர்க்க ஏழு ஆண்டுகள் ஆயின. பல ஆண்டு பழக்கத்தை ஒரு நாளில் பிடுங்கி எறிவது மண்ணை அறிந்தோர் செய்வதன்று. அன்றியும், அக்காவின் ஏக்கர் எங்கள் நல்லாண்டுத் தக்காளியைப் போலப் பணம் கொட்டியதில்லை. களையெடுப்பும் ஒடிப்பும் அடிப்புமாக அவர் முதுகு வளைந்தது. ஒரு ஏக்கரை மட்டும் நம்பி ஓர் இளைஞன் குடும்பம் நடத்த இயலாது. இவற்றைச் சொல்லாமல் மறைத்து இயற்கை வேளாண்மையைப் புகழ்வோர் உழவனுக்கு நன்மை செய்வதில்லை.

குறை உழவனிடம் மட்டும் இல்லை. நம் சமையலறையிலும் இருக்கிறது. எங்கள் இளமையில் களியும் கொள்ளுக் குழம்புமே அன்றாட உணவு. கையில் காசு வந்ததும் களியை மறைத்தோம். சம்பந்தி வீட்டார் வரும் நாளில் களிக் கிண்டும் கோலைக்கூட உள்ளே ஒளித்து வைத்ததுண்டு. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்தது ஏழைகளுக்குப் பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ராகியை உண்பார் குறைந்தனர். உண்பார் குறையவே விதைப்பாரும் குறைந்தனர். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் இருந்தாலே பெரிது. எலும்பு நோவென்று மாத்திரை வாங்கிக்கொண்டு, அதைத் தரும் தானியத்தை ஏழை உணவென்று தள்ளினோம். 2023ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ ராகி வழங்கத் தொடங்கியது. அதற்கான ராகியை உழவர்களிடமே கொள்முதல் செய்யவும் முற்பட்டது. அவ்வாண்டே பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகவும் அமைந்தது. அரசு வாங்கினால் மட்டும் போதாது. நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் விரும்பி உண்டால்தான் அந்தப் பயிர் கொல்லையில் நிற்கும். நாம் எதை உண்கிறோமோ அதுவே நிலத்தில் விளைகிறது.

எஞ்சிய மூன்றரை ஏக்கரை நாங்கள் மெல்ல மெல்லத் திருத்திவருகிறோம். ஒரு பசு இப்போது மூன்றாகியிருக்கிறது. இரண்டு ஏக்கரில் அக்காவின் முறைப்படி ராகியும் பருப்பு வகைகளும். தக்காளியை அடியோடு விடவில்லை. அரை ஏக்கரில் மட்டும் நடுகிறோம். பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை துலுக்கச் சாமந்தி. காய்ப்புழு அதன் பூவைத் தேடிப் போய்விடுவதை ஆய்வாளரும் மெய்ப்பித்துள்ளனர். எங்கள் பெயரைத் தாங்கிய அந்தப் பூவே எங்கள் காவலுக்கு நிற்கிறது என்று அக்கா சிரிப்பார். மருந்துச் செலவு பெரிதும் குறைந்தது. பெங்களூர் சென்றவர் ஊர் திரும்பிவிட்டார். செல்வந்தர் ஆகிவிடவில்லை, கடனாளியாகவும் இல்லை.

ஆனால் ஒரு கடன் பாக்கியிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் அக்காவின் வீட்டுக்குச் சென்று, அன்று பாகம் பிரித்தபோது நாங்கள் செய்தது தவறு என்று வாய்திறந்து சொன்னோம். கிணற்றோரத்துச் செம்மண்ணில் ஒரு ஏக்கரை எடுத்துக்கொண்டு மேட்டை எங்களுக்குக் கொடுக்கும்படி வேண்டினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அன்றைக்கே எனக்குத் தெரியும் தம்பி. அத்தாவின் மண் எந்தப் பக்கமாக இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். இப்போது அந்தக் கொல்லையை மாற்றிக் கொடுக்க எனக்கு மனம் வராது. கிணற்றில் எனக்கும் ஒரு பாத்தியதை எழுதிக் கொடுங்கள், கோடையில் மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டும்” என்றார். வெறும் வாய்ச்சொல்லாக விடாமல் பதிவு அலுவலகத்தில் எழுதியே கொடுத்தோம்.

நிலைத்த வேளாண்மை என்பதற்குப் பலரும் பல விளக்கம் கூறுவர். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே. மண்ணிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தராதவனும், உடன்பிறந்தாளின் உரிமையில் நயம் பார்த்தவனும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவரும் கணக்கில் நேர்மையாளர்களாகத் தோன்றலாம். விளைச்சலில் அது வெளிப்பட்டுவிடும்.

எங்களுக்கும் வயதாகிவிட்டது. எங்கள் பிள்ளைகளுள் பெண்மக்களும் உண்டு. இன்ஷா அல்லாஹ், பாகம் பிரிக்கும் நாள் வரும்போது, எந்த மூலை எவருக்குப் போனாலும் அது உயிருள்ள மண்ணாக இருக்கவேண்டும் என்பதற்காகவே இந்த ஆடியிலும் கல் அடுக்கிக்கொண்டிருக்கிறோம். அக்கா வரப்பில் அமர்ந்து, எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.